எல்லையோரத்திலிருந்து காமெடிப் பட இயக்குநர் ஆவது எப்படி: முதல் சீனிலிருந்து முதல் படம் வரை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று கேரளத்துக்குள் இருந்துகொண்டு தமிழ் பேசும் நம் ஊர்களில் சினிமா ஆசை பிடிக்காத தெரு குறைவு. கிழக்கே போனால் பொள்ளாச்சி, ஆழியாறு, ஆனைமலை என்று தமிழ்ப் படப்பிடிப்பு. மேற்கே போனால் ஒத்தப்பாலம், வரிக்காசேரி மனை என்று மலையாளப் படப்பிடிப்பு. இந்த வசதி சென்னையில் பிறந்தவனுக்குக்கூட இல்லை. ஆனால் காமெடிப் படம் எடுக்கணும் என்று வரும் தம்பி தங்கைகள் எடுத்த எடுப்பில் கேட்பது "எந்த டைரக்டர்கிட்ட அசிஸ்டென்டா சேரலாம்ண்ணா?" என்பதைத்தான். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. காமெடிப் பட இயக்குநரின் தொழில் எழுத்தில் ஆரம்பித்து எழுத்திலேயே நிற்கிறது. ஸ்பாட்டில் ஒரு நல்ல நடிகர் வந்து எதையாவது செய்து காப்பாற்றிவிடுவார் என்று நம்பிப் போன படங்கள் என்ன ஆயின என்று உங்களுக்கே தெரியும். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன், எழுத்துக்கு அதிக இடம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் பார்க்கும் முறையை மாற்றுங்கள்

பிடித்த காமெடி சீன் ஒன்றை எடுங்கள். முதலில் சத்தத்தோடு பாருங்கள், அடுத்து சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், கடைசியில் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். சிரிப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அப்போது பிடிபடும். நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. 1964-இல் ஸ்ரீதர் இயக்கி, சித்ராலயா கோபுவும் அவரும் சேர்ந்து எழுதிய 'காதலிக்க நேரமில்லை' படத்தின் வெளிப்புறக் காட்சிகள் பலவற்றை எடுத்த இடம், பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் வழியில் இருக்கும் ஆழியாறு. அதில் நாகேஷ், பாலையாவிடம் பேய்ப்படக் கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். சத்தத்தை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். நாகேஷ் உடம்பை எப்படி வளைத்தாலும் நம் கண் பாலையாவின் முகத்துக்குத்தான் போகும். அவர் அங்கே காமெடி செய்யவில்லை, நிஜமாகவே பயப்படுகிறார். கதை சொல்பவர் வேலையை நாகேஷ் பார்க்கிறார், சிரிப்பை வாங்கிக் கொடுப்பது கேட்பவரின் பயம். "ஒருத்தர் கதை சொல்ல இன்னொருத்தர் பயப்படுகிறார்" என்று அதை ஒரே வரியில் எழுதிவிடலாம். அப்படி ஒரு வரியில் நிற்கிற சீன்தான் நீங்கள் தேட வேண்டியது.

அடுத்து 'பேசும் படம்'. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கி 1987-இல் வந்தது, வசனமே கிடையாது. காமெடி என்றால் கவுன்டர் வசனம் என்று நினைக்கிறவர்கள் அதை ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் போதும், பாதி நோய் தீர்ந்துவிடும்.

மலையாளப் படங்களை நாம் வீட்டுப் படம் மாதிரி பார்த்து வளர்ந்தவர்கள், அதைச் சும்மா விடக் கூடாது. சித்திக்கும் லாலும் கொச்சி கலாபவன் மிமிக்ரி மேடையிலிருந்து வந்து, இயக்குநர் ஃபாசிலிடம் உதவியாளர்களாக இருந்து, 1989-இல் 'ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்' எடுத்தார்கள். மறு வருடமே அதை ஃபாசில் தமிழில் 'அரங்கேற்ற வேளை' என்று எடுத்தார். சிஷ்யர்கள் எழுதியதை குரு எடுத்துச் செய்திருக்கிறார். பிறகு 2000-இல் பிரியதர்ஷன் அதையே இந்திக்குக் கொண்டுபோய் 'ஹேரா ஃபேரி' ஆக்கினார். ஊர் மாறி, பாஷை மாறி, நடிகர் மாறியும் சிரிப்பு நிற்கிறது என்றால், அது வசனத்தில் இல்லை, அடியில் போட்ட கட்டுமானத்தில் இருக்கிறது: வாடகை கொடுக்க வழியில்லாத மூன்று பேர், ராங் நம்பரில் வந்த ஒரு கடத்தல் போன், அதில் நாமும் கொஞ்சம் சம்பாதித்துக்கொள்ளலாம் என்ற நப்பாசை. மூன்று பாஷையிலும் பார்த்து, சீன் சீனாக நோட்டில் எழுதுங்கள். எல்லையில் வாழ்கிற நமக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடையாது.

சரக்கு இங்கேதான் இருக்கிறது

பாக்யராஜ் கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்து வெள்ளாங்கோயிலிலிருந்து போனவர். என்.எஸ். கிருஷ்ணன் பிறந்தபோது நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அவர் படத்துக்கான நகைச்சுவைப் பகுதியைத் தானே உருவாக்கித் தருபவர், பின்னால் 'மணமகள்' (1951), 'பணம்' (1952) என்று இயக்கவும் செய்தார். வில்லுப்பாட்டையும் கதாகாலட்சேபத்தையும் தன் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். நம் மண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? ஒரு செக்போஸ்ட், இரண்டு அரசு, இரண்டு சட்டம். இந்தப் பக்கம் சரி என்பது அந்தப் பக்கம் குற்றம். காமெடிக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு சூழ்நிலையை எப்படிக் கட்டுவது என்று முழுசாகவே காட்டுகிறேன். ஆனைமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், ஊர் மதுவிலக்குக் கமிட்டித் தலைவர். அவர் மகளுக்குச் சித்தூர் தாலுகாவில் மாப்பிள்ளை பேசியாயிற்று. மாப்பிள்ளை வீட்டுத் தென்னந்தோப்பில் கள் இறக்குகிறார்கள். கேரளத்தில் அது லைசென்ஸோடு நடக்கும் தொழில், தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. மாப்பிள்ளை வீட்டார் பொய் ஒன்றும் சொல்லவில்லை, "தோப்பு வருமானங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரியவர் சம்பந்தியின் தோப்பைப் பார்க்க வருகிறார். அந்த நேரம் பார்த்து மரத்திலிருந்து ஒரு ஆள் குடுவையோடு இறங்குகிறார்.

"இதென்னங்க சம்பந்தி?"

"அது... பதநீருங்க."

"அட, உடம்புக்கு நல்லதாச்சே! ஒரு சொம்பு ஊத்துங்க பார்க்கலாம்."

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். அவசரப்பட்டால் பெரியவர் குடித்துவிட்டு ஆடுகிறார், பாடுகிறார், வேட்டி அவிழ்கிறது என்று எழுதிவிடுவோம். நூறு தடவை வந்த சீன் அது. சிரிப்பும் வராது, வந்தாலும் அவரைக் கேவலப்படுத்தி வாங்கிய சிரிப்பாக இருக்கும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வையுங்கள். காலை கள், இளசு, இனிப்பாக இருக்கிறது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நல்ல மனதோடு சொல்கிறார்: "இவ்வளவு சுத்தமான பதநீரை எங்க கமிட்டிக்காரங்க கண்ணால பார்த்ததில்லைங்க. சாயங்காலம் கூட்டம் இருக்கு. ரெண்டு கேன் கட்டிக் கொடுங்க, பணம் நான் தந்துடறேன்."

இப்போது கதை தானாக ஓடும். கொடுக்காவிட்டால் கல்யாணம் நிற்கும், கொடுத்தால் மதுவிலக்குக் கூட்டத்துக்கே கள் போகும், நடுவில் கோபாலபுரம் செக்போஸ்ட். இதில் இன்னொரு சௌகரியம், கள் நேரம் ஆக ஆகப் புளிக்கும், நுரைக்கும், இறுக மூடிய கேன் உப்பும். சினிமாவில் இதை டிக் டிக் என்று ஓடும் கடிகாரம் என்பார்கள். நமக்கு அது கேனுக்குள்ளேயே இருக்கிறது, எழுத்தாளன் எதையும் வெளியிலிருந்து சேர்க்கத் தேவையில்லை. கூட வருகிற மாப்பிள்ளை காரில் அந்தக் கேனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பெரியவர் முன் சீட்டில் கூட்டத்துக்கான பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவார். காரில் யாருமே ஜோக் அடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எந்தச் சூழ்நிலையை எடுத்தாலும் என்னிடம் மூன்று கேள்விதான். யாருக்கு என்ன வேண்டும், யார் எதை மறைக்கிறார், மறைத்தது வெளியே வர யார் அறியாமல் உதவுகிறார். மூன்றாவது கேள்விக்குப் பதில் ஒரு நல்லவராக இருந்தால் சீன் இன்னும் பலமாகும். மேலே சொன்னதில் அது பெரியவரேதான்.

வட்டார வழக்கு பற்றி ஒரு வார்த்தை. நம் பேச்சைக் கிண்டல் செய்து சிரிப்பு வாங்குவது சுலபம், செய்யாதீர்கள். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் காமேஸ்வரனாக வரும் கமல் பேசும் பாலக்காட்டுத் தமிழ் இன்றும் பேசப்படுகிறது. கிரேசி மோகன் வசனம். ஆனால் சாம்பாரில் மீன் விழும் அந்தக் கல்யாண சீன், காமேஸ்வரன் எந்தத் தமிழில் பேசினாலும் சிரிப்பு தரும், ஏனென்றால் சுத்த சைவச் சமையல்காரர் அவர். பேச்சு அதற்கு ஒரு மணம் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

சீன் ஆர்டர், அப்புறம் பவுண்ட் ஸ்கிரிப்ட்

முதலில் ஒன்லைன். இரண்டு வரியில் கதை. அடுத்து ஒரு பக்கம். அப்புறம் சீன் ஆர்டர், அதாவது ஒரு சீனுக்கு ஒரு வரி, இரண்டேகால் மணி நேரப் படத்துக்கு 60, 70 வரி வரும். இந்தக் கட்டத்திலேயே ஒவ்வொரு வரியும் சிரிப்பு தர வேண்டும், அல்லது அடுத்த சிரிப்புக்கு விதை போட வேண்டும். இரண்டும் செய்யாத வரியை எடுத்துவிடுங்கள், எவ்வளவு பிடித்தாலும். வசனம் கடைசியில். வசனமும் சேர்த்து முழுசாக எழுதி முடித்த பிரதிதான் பவுண்ட் ஸ்கிரிப்ட். தமிழில் பழைய பழக்கம், பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம் என்று எழுதுவது. இப்போது மென்பொருளில் எழுதுகிறவர்களும் அதிகம். எதில் எழுதினாலும் சரி, ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடம் என்ற கணக்கு கையில் இருக்கட்டும்.

எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள். சினிமா நண்பர்களிடம் படித்தால் அவர்கள் உத்தியைப் பாராட்டுவார்கள், அது உதவாது. டீக்கடையில், தோப்பில், கல்யாண வீட்டில் காய் நறுக்குகிற அத்தைகளிடம் கதையாகச் சொல்லுங்கள். "அப்புறம்?" என்று எங்கே கேட்கிறார்களோ அது நிற்கிற சீன். போனை எடுத்துப் பார்க்கிற இடம் திருத்த வேண்டிய சீன்.

எழுத்து மட்டும் போதும், இயக்கம் பிறகு பார்க்கலாம் என்றாலும் அது மரியாதையான தொழில்தான். கவுண்டமணி - செந்திலுக்கு எழுதிய ஏ. வீரப்பன் பெயர் பலருக்குத் தெரியாது, 'கரகாட்டக்காரன்' காமெடி அவருடையது என்று சொன்னால் எழுந்து நிற்பார்கள். கிரேசி மோகன் நாடகத்திலிருந்து வந்தவர், கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவர். சிம்புதேவன் ஆனந்த விகடனில் கார்ட்டூனிஸ்ட்டாக இருந்து 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) எடுத்தார். எந்தக் கதவு வழியாகவும் உள்ளே வரலாம், கையில் எழுதிய பக்கங்கள் இருக்க வேண்டும்.

குறும்படம்

ஆறேழு நிமிடம், இரண்டு அல்லது மூன்று பேர், ஒரே இடம், பகல் வெளிச்சம். காசை கேமராவில் போடாதீர்கள், ஒலியில் போடுங்கள். வசனம் சரியாகக் கேட்காத காமெடிப் படத்தை யாரும் இரண்டாவது நிமிடம் தாண்டிப் பார்ப்பதில்லை. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த நலன் குமாரசாமியும் கார்த்திக் சுப்புராஜும் பிறகு என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தயாரிப்பாளர் உங்கள் குறும்படத்தில் பார்ப்பது ஒன்றே ஒன்று, நடிகரிடமிருந்து டைமிங் வாங்கத் தெரிகிறதா என்பது.

உதவி இயக்குநர் ஆவது

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். முறையாகப் படிக்க விரும்பினால் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், புனேயில் எஃப்.டி.ஐ.ஐ. என்ற மத்திய அரசின் திரைப்படக் கல்லூரி, கோட்டயத்தில் கே.ஆர். நாராயணன் பெயரில் கேரள அரசின் நிறுவனம். மலையாளத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் கோட்டயத்தை யோசிக்கலாம்.

படிக்காமல் நேரே போவதென்றால் சென்னையில் சாலிகிராமம், வளசரவாக்கம், வடபழனி. ஆனால் அதற்கு முன்னால், பொள்ளாச்சிக்கோ கொல்லங்கோட்டுக்கோ யூனிட் வரும்போது உள்ளூர் ஆளாக நுழையுங்கள். வீடு பிடித்துக் கொடுக்க, கூட்டத்தை நிறுத்த, பஞ்சாயத்தில் பேச, இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு ஆள் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு எப்போதும் தேவை. அந்தப் பத்து நாளில் நீங்கள் எப்படிப்பட்டவர் என்று அசோசியேட் டைரக்டர் பார்த்துவிடுவார். சென்னையில் வாசலில் நிற்பதைவிட இது வேகமான வழி.

சேர்ந்ததும் கடைசி உதவியாளருக்குக் கிளாப் அடிக்கும் வேலை வரும். அடுத்து கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடை, பொருள், அசைவு மாறாமல் குறித்து வைப்பது), காஸ்ட்யூம், அப்புறம் ஆர்ட்டிஸ்ட்டுகளுக்கு வசனம் சொல்லிக் கொடுப்பது. கன்டினியூட்டியை விரும்பிக் கேட்டு வாங்குங்கள், ஒரு சீன் எத்தனை துண்டாக வெட்டப்படுகிறது என்று அங்கேதான் தெரியும். சம்பளம் குறைவு, படத்துக்குப் படம் இடைவெளி விழும், வாடகைக்கு வழி செய்துகொண்டுதான் போக வேண்டும். வீட்டில் இதை மறைக்காதீர்கள். கதை டிஸ்கஷனில் உட்காரும் வாய்ப்பு வந்தால், வாயைத் திறக்கும் முன் ஒரு வாரம் காதைத் திறந்து வையுங்கள்.

பதிவும் ஒப்பந்தமும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். யோசனைக்கு உரிமை கிடையாது. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான், கருவுக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) இல்லை, எழுதிய வடிவத்துக்கு உண்டு. ஆகவே "எல்லையில ஒரு கள்ளுக் கதை" என்று டீக்கடையில் சொன்னதை யாராவது எடுத்தால் ஒன்றும் செய்ய முடியாது. முழு ஸ்கிரிப்டை எழுதி, தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்யுங்கள், மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்திலும் பதியலாம்.

ஒப்பந்தம் கட்டாயம் எழுத்தில், கையெழுத்தோடு. பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எத்தனை வருடத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றும், எந்த ஊர்களுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டர் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கு எழுத்தாளருக்கு ராயல்டி உரிமை உண்டு, அதை எழுதிக் கொடுத்துவிட முடியாது. காமெடிக் கதை வேறு பாஷைக்கு அதிகம் போகும், மேலே பார்த்தோமே. ரீமேக் உரிமை யாருக்கு, அதில் உங்கள் பங்கு என்ன, டைட்டிலில் உங்கள் பெயர் எப்படி வரும், இந்த மூன்றும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். அட்வான்ஸ் வந்த சந்தோஷத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், ஒரு வக்கீலுக்குக் கொடுக்கும் ஃபீஸ் வீணாகாது.

கதை சொல்வது

பத்து நிமிடம், அரை மணி, முழுக் கதை என்று மூன்று அளவில் தயாராக இருங்கள். எந்தத் தயாரிப்பாளருக்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்று வாசலில்தான் தெரியும். சொல்லும்போது நீங்கள் சிரிக்காதீர்கள், "இந்த இடத்துல தியேட்டர் அதிரும் சார்" என்றும் சொல்லாதீர்கள். பெரியவர் கேன் கேட்ட இடத்தில் நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். "அய்யோ, கொடுத்தாங்களா?" என்று அவர் கேட்டால் படம் பாதி ஓகே.

ஸ்பாட்டில்

ஓடி விழும் காமெடிக்கு வைட் ஷாட், ஆள் முழுசாகத் தெரிய வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது. வசன காமெடிக்கு இருவரும் தெரியும் டூ ஷாட்டில் சீன் முழுவதையும் ஒரே ஓட்டமாக, மாஸ்டராக எடுத்துவிட்டு, கேட்பவரின் ரியாக்‌ஷனைத் தனியாக எடுங்கள். பேசுபவரின் க்ளோசப்புக்கு நேரம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை. முதல் டேக்கில் யூனிட் சிரிப்பதை வைத்து ஓகே சொல்லாதீர்கள், கதை தெரிந்தவர்கள் சிரிப்பது வேறு. எட்டாவது டேக்கில் நடிகர் களைத்திருப்பார், அதனால் ஒத்திகையில் முழு ஆவேசத்தையும் செலவழிக்க விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பிங் செய்வதானால் ஸ்பாட்டில் பதிவான பைலட் ட்ராக்கைப் பத்திரமாக வையுங்கள், அந்த இடைவெளி, அந்தத் திணறல் டப்பிங் அறையில் திரும்ப வராது. ஆடு, நாய், மாடு எது நடித்தாலும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும், கிராமத்துக் காமெடியில் இதை மறந்துவிட்டு கடைசியில் சென்சாரில் மாட்டிக்கொள்வார்கள்.

எடிட்டிங்கிலிருந்து தியேட்டர் வரை

ஒரு சிரிப்புக்குப் பிறகு மூச்சு விட இடம் கொடுங்கள், இல்லாவிட்டால் தியேட்டரில் அடுத்த வசனம் சிரிப்புச் சத்தத்தில் முங்கிவிடும். ரொம்ப விட்டால் படம் தொய்யும். இதை எடிட்டரோடு இருட்டறையில் முடிவு செய்ய முடியாது, கதை தெரியாத இருபது பேரை உட்காரவைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை சேர்க்கும் நேரத்தில் இசையமைப்பாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், ஜோக்குக்கு அடியில் "டொய்ங்" வேண்டாம். இதோ சிரிங்கள் என்று சொல்லும் இசை ஜனங்களின் சிரிப்பைப் பிடுங்கிவிடும். சென்சாரில் 2024 முதல் யு/ஏ என்பது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. குடும்பத்தோடு வருகிற கூட்டத்தை நம்பும் படத்துக்கு எந்த வார்த்தையால் 7 என்பது 13 ஆகிறது என்று ஸ்கிரிப்ட் கட்டத்திலேயே பாருங்கள். குடிக்கிற சீன் இருந்தால் எச்சரிக்கை வாசகம் வரும், அதையும் கணக்கில் வைத்து ஃப்ரேம் வையுங்கள்.

படம் வந்ததும் பொள்ளாச்சியில் ஒரு காட்சி, பாலக்காட்டில் ஒரு காட்சி, சென்னையில் ஒரு காட்சி பாருங்கள். திரையைப் பார்க்க வேண்டாம், ஓரத்தில் நின்று ஆட்களைப் பாருங்கள், நோட்டில் நேரத்தோடு குறியுங்கள். பாலக்காட்டில் மலையாளிகள் எங்கே சிரித்தார்கள் என்பதைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ரீமேக் பேச்சுக்குக் கொச்சியிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ ஆள் வரும்போது முதலில் சொல்லிக்காட்ட வேண்டியது அந்தப் பக்கத்தில் இருக்கும் சீன்களைத்தான்.